குளியல் வரிசையில் என் இடம்

ஜப்பானுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி இது: "அக்கா, ஹாஸ்டல்ல ரூம் எடுக்கட்டுமா, இல்ல ஏதாவது ஒரு குடும்பத்தோட தங்கட்டுமா?"

ஹாஸ்டலின் வசதி எனக்குத் தெரியும். நினைத்த நேரத்துக்கு வரலாம், நினைத்தால் ரசம் வைக்கலாம், ஊரில் இருக்கும் அம்மாவோடு மணிக்கணக்கில் வீடியோவில் பேசலாம். ஒரு குடும்பத்தோடு தங்கினால் இதில் பாதி போய்விடும். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்: வாய்ப்புக் கிடைத்தால் குடும்பத்தோடு தங்குங்கள். பத்து நாள், பதினைந்து நாள் போதாது. சில மாதங்களாவது தங்குங்கள். ஒரு ஊரைப் பற்றிப் படிக்கலாம், சுற்றிப் பார்க்கலாம், அங்கே வேலைகூடச் செய்யலாம். அந்த ஊர் மனிதர்கள் வாசற்கதவைச் சாத்திய பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்பது மட்டும், கதவுக்கு உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஜப்பானில் அப்படி ஒரு குடும்பத்தோடு தங்கி நான் தெரிந்துகொண்டதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுந்து விழுந்து கவனிக்கிற வரைக்கும் நாம் அந்த வீட்டுக்கு வெளி ஆள்தான். நமக்கென்று ஒரு முறையையும் ஒரு வேலையையும் ஒதுக்குகிற நாளில்தான் அந்த வீட்டுக்குள் நமக்கு இடம் கிடைக்கிறது.

கனசாவா வீடு

நான் தங்கியிருந்தது கனசாவாவில். ஜப்பான் கடலை ஒட்டிய இஷிகாவா மாகாணத்தின் தலைநகர். சுமார் நாலரை லட்சம் பேர் வாழும் ஊர். 2015 மார்ச்சில் புல்லட் ரயில் வந்த பிறகு, டோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். மயேதா வம்சத்தார் ஆண்ட கோட்டை நகரம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பியதால் பழைய தெருக்களும் மர வீடுகளும் இன்னும் இருக்கின்றன.

அந்த வீட்டில் நான்கு பேர். கட்டுமானப் பொருள் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அப்பா, சூப்பர் மார்க்கெட்டில் பகுதி நேரம் போகும் அம்மா, மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் தம்பி, எண்பதைக் கடந்த பாட்டி. மூத்த மகள் ஒசாகாவில் வேலையில் இருந்தாள். அவளுடைய மாடி அறை எனக்கு. அவர்களை அவர்கள் மொழியில் அம்மா, அப்பா, பாட்டி என்றே கூப்பிடச் சொன்னார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இப்படி அயல்நாட்டு மாணவர்களைக் குடும்பங்களில் தங்க வைப்பது அண்மைக் கால வழக்கம்தான். 1932இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர், வேற்று நாட்டு மனிதர்களோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் அவர்களைப் புரிந்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கையில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களைச் சுமந்த ஆம்புலன்ஸ் தொண்டர்களின் அமைப்பான ஏ.எஃப்.எஸ்., இரண்டாம் போரும் முடிந்த பிறகு, 1947 முதல் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பிக் குடும்பங்களில் தங்க வைத்தது. போரின் கொடுமையை அருகில் இருந்து பார்த்தவர்கள், அதற்கு மாற்றாக ஒரு சாப்பாட்டு மேசையை நம்பினார்கள். இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

ஐந்து பேர், ஒரே வெந்நீர்

ஜப்பானில் ஒரு வீட்டின் ஒழுங்கைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் குளியலறையில் தொடங்க வேண்டும்.

தொட்டி நிறைய வெந்நீர், ஏறக்குறைய 41 டிகிரி சூட்டில். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அன்றைக்கு அதே தண்ணீர்தான். இதைக் கேட்டதும் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். முறையைத் தெரிந்துகொண்டால் சுளிப்பு போய்விடும். தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, தலை முதல் கால் வரை தேய்த்துக் கழுவி, நுரை துளியும் இல்லாமல் அலச வேண்டும். குளியல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு தொட்டியில் இறங்குவது உடம்பைச் சூடாக்கி அன்றைய களைப்பை விடுவதற்காக மட்டும். கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, வெளியே வந்ததும் சூடு ஆறாமல் மூடியைப் போட வேண்டும். எல்லோரும் குளித்த பிறகு மிச்சத் தண்ணீர் குழாய் வழியாக வாஷிங் மெஷினுக்குப் போகும். ஒரு வாளித் தண்ணீர்கூட ஒரே வேலையோடு ஓய்வதில்லை.

யாரும் இறங்காத புதுத் தண்ணீர், அந்த வீட்டில் ஒருவருக்குக் காட்டக்கூடிய பெரிய மரியாதை. நான் போன புதிதில் தினமும் எனக்குத்தான் அந்த முதல் முறை. "நீங்க முதல்ல போங்க" என்று அம்மா கதவருகே வந்து சொல்வார். நான் வகுப்பு முடிந்து வரும் வரை பாட்டி தூக்கத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலையிலிருந்து களைத்து வந்த அப்பா தொலைக்காட்சி முன்னால் காத்திருப்பார். அந்த மரியாதையின் எடை எனக்குத் தெரிந்தது. என் ஒருத்திக்காக ஒரு வீடே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தது.

ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்து கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "இனிமே பாட்டி முதல்ல குளிக்கட்டும். அப்புறம் தம்பி, அப்புறம் நீ, எனக்குப் பிறகு அப்பா. அப்பா வர லேட்டானா கடைசியா குளிக்கிறவங்க தொட்டியத் துடைச்சிடணும்."

மூன்றாவது இடம். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம், அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த எந்தப் பரிசும் தராதது. விருந்தாளிக்கு வரிசை கிடையாது. அவர் எப்போதும் முதல், எப்போதும் தனி. வரிசையில் ஓர் எண் கிடைத்தால்தான் முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் இருப்பார்கள். தம்பி குளித்துவிட்டு மாடி ஏறும்போது என் கதவைத் தட்டிவிட்டுப் போவான். நான் முடித்ததும் அம்மாவுக்குக் குரல் கொடுப்பேன். ஒரே வீட்டில் வாழ்வது என்பதை நான் அந்தக் கதவுத் தட்டலில்தான் உணர்ந்தேன்.

என் கிண்ணம், என் குச்சிகள்

ஜப்பானியக் குடும்பங்களில் சோற்றுக் கிண்ணமும் சாப்பாட்டுக் குச்சிகளும் ஆளுக்கு ஒன்று. இது அப்பாவுடையது, இது பாட்டியுடையது என்று அளவிலும் நிறத்திலும் தெரியும். ஒருவருடையதை இன்னொருவர் எடுப்பதில்லை. நம் வீடுகளில் எவர்சில்வர் தட்டிலும் டம்ளரிலும் பெயர் வெட்டி வைப்போமே, அந்த உரிமை அங்கே பெயர் வெட்டாமலே இருக்கிறது. வருகிறவர்களுக்கென்று தனியாகப் பொதுக் கிண்ணங்கள் இருக்கும். முதலில் அவற்றில்தான் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிப்போய் எனக்கென்று கிண்ணம் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இஷிகாவா மாகாணத்துக்கே உரியது குத்தானி பீங்கான். பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா, கருநீலம் என்று ஐந்து நிறங்களில் அழுத்தமாகத் தீட்டுவார்கள். நான் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒன்றை எடுத்தேன். குச்சிகளைப் பாட்டி தாமே வாங்கித் தந்தார். நோத்தோ தீபகற்பத்தில் இருக்கும் வஜிமா ஊரின் அரக்கு வேலை. அங்கே ஒரு பாத்திரத்துக்கு அரக்கு பூசி முடிக்க நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. பூசுவார்கள், காய வைப்பார்கள், தேய்ப்பார்கள், மறுபடியும் பூசுவார்கள். "பார்த்துப் பயன்படுத்தினா உன் பிள்ளைங்க வரைக்கும் வரும்" என்று பாட்டி கையில் கொடுத்தார்.

குச்சிகளோடு சேர்த்து அவற்றின் ஒழுக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார். சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றக் கூடாது. முன்னது இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை. பின்னது தகனத்துக்குப் பிறகு எலும்பை எடுத்துப் பெட்டியில் சேர்க்கும் முறை. வாழ்கிறவர்களின் மேசையில் அவை இரண்டும் வரக் கூடாது. வலது கையால் கொடு, வாசற்படியில் நின்று வாங்காதே என்று கேட்டு வளர்ந்த எனக்கு, இப்படிக் காரணத்தோடு வரும் விதிகள் அந்நியமாகப் படவில்லை.

பாட்டிக்குப் புரிந்த சைவம்

எங்கள் குடும்பம் சைவம். ஜப்பானில் சைவமாக இருப்பதன் சிக்கல் மீன் துண்டில் இல்லை, சாற்றில் இருக்கிறது. மிசோ சூப், காய்க் கூட்டு, நூடுல்ஸ் என எதை எடுத்தாலும் அடியில் தாஷி என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் அது கட்சுவோபுஷி என்ற, புகையிட்டு உலர்த்திய மீனைச் சீவிக் கொதிக்கவிட்டு எடுத்தது. கண்ணுக்கு வெறும் காயாகத் தெரிவது நாக்குக்கு மீன். நான் எதைச் சாப்பிடுவேன் என்று அம்மா உண்மையிலேயே கவலைப்பட்டார்.

தீர்த்து வைத்தது பாட்டி. "அப்போ இந்தப் பொண்ணுக்குத் தினமும் ஹோஒன்கோ. அவ்வளவுதானே?"

ஹோஒன்கோ என்பது ஷின்ரன் என்ற பௌத்த குருவின் நினைவு நாள். 1173இல் பிறந்து 1262இல் மறைந்தவர். அவருடைய மரபு இந்தப் பகுதியில் ஆழ வேரூன்றியது. 1488இல் அந்த மரபைச் சேர்ந்த உழவர்களும் சிற்றூர்த் தலைவர்களும் திரண்டு இப்பகுதியின் ஆட்சியாளரையே வீழ்த்தி, ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நாட்டைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியாக, பனிக்கால நினைவு நாட்களில் கோயில்களில் மீனும் இறைச்சியும் இல்லாத விருந்து போடுவார்கள். சிவப்புப் பயறும் கிழங்குகளும் சேர்த்து வேகவைத்த இத்தோக்கோனி, எள்ளில் பிரட்டிய கீரை, பொரித்த தோஃபு. இதையெல்லாம் பெரும் பானைகளில் சமைத்துப் பழகியவர் பாட்டி.

மீனுக்குப் பதில் கொம்பு என்ற கடற்பாசியும், உலர்ந்த ஷீட்டாகே காளானும். இரவே தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் மெல்லச் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிட வேண்டும். 1908இல் கிக்குனாயே இக்கேதா என்ற டோக்கியோ வேதியியலாளர், இந்தக் கொம்புச் சாற்றின் ருசி எதனால் வருகிறது என்று தேடிப் போய், அதற்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். உவர்ப்பும் இனிப்பும் புளிப்பும் கசப்பும் போக உமாமி என்ற ஒரு சுவையை உலகம் பேசத் தொடங்கியது அதிலிருந்துதான். அந்தச் சாற்றில் பாட்டி வைத்த மிசோ சூப்பைக் குடித்தபோது, சைவச் சமையலுக்கும் அந்த நாட்டில் ஒரு நீண்ட பரம்பரை இருக்கிறது, நான் அதன் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது.

கனசாவாவின் காய்கறிகளையும் அவரிடம்தான் கற்றேன். மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாக இருக்கும் கின்ஜிசோ கீரை, மாவுத்தன்மை மிகுந்த தாமரைக் கிழங்கு, மணற்பாங்கான நிலத்தில் விளையும் கொரோஜிமா சர்க்கரைவள்ளி. வாரக் கடைசியில் சமையல் என் முறை என்று ஆனபோது, அந்தத் தாமரைக் கிழங்கை எண்ணெயில் வறுத்தும், சர்க்கரைவள்ளியைப் போட்டுச் சாம்பார் வைத்தும் கொடுத்தேன். "காரம் கொஞ்சம் குறை, புளி நல்லாருக்கு" என்றார் பாட்டி. அடுத்த வாரம் புளி கேட்டுத் தம்பியும் வந்தான்.

முதல் சோறு

அந்த வீட்டின் உள்ளறையில் ஆளுயரப் பீடம் ஒன்று இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே முழுக்கத் தங்கம். ஜப்பானின் தங்கத் தாளில் 99 சதவீதம் கனசாவாவில்தான் அடிக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பகுத்தால் வரும் கனத்துக்கு அடிக்கிறார்கள். அந்தத் தாள் ஒட்டிய புத்தர் பீடங்கள் இந்த ஊரின் பெருமை.

காலையில் குக்கரைத் திறந்ததும் முதல் கரண்டிச் சோறு பீடத்துக்கு. சிறு பித்தளைக் கிண்ணத்தில் குவித்து வைத்து, மணியைத் தட்டி, கைகூப்பி ஒரு நிமிடம். அதன் பிறகுதான் மனிதர்களுக்கு. காக்கைக்கு வைக்காமல் சாப்பிடாத ஒரு பாட்டியிடம் வளர்ந்தவள் நான். அங்கே யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டிக்கு முழங்கால் வலி கூடிய மழைக்காலத்தில், சோற்றுக் கிண்ணத்தை எடுத்துப்போய் வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவளா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் காலையில் முதலில் எழுகிறவள் யார் என்பதுதான் கணக்கு.

வாசலுக்கு வெளியேயும் வீடு

வீட்டு வேலை வாசலோடு முடிவதில்லை. குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும் குப்பைக்குத் தனி நாட்கள், பிளாஸ்டிக்குக்குத் தனி நாள், கண்ணாடிக்கும் தகரத்துக்கும் தனி நாள். பெட் பாட்டிலின் மூடியையும் லேபிளையும் கழற்றிக் கழுவ வேண்டும். பால் அட்டைப் பெட்டியைக் கழுவி, வெட்டி விரித்து, காயவைத்துக் கட்ட வேண்டும். காலையில் தெருமுனையில் வைத்து, காக்கை கிளறாமல் வலை போட்டு மூட வேண்டும். அந்த இடத்தைப் பெருக்குவதற்கும் வீட்டுக்கு வீடு முறை உண்டு.

கைரன்பான் என்று ஒன்று இருக்கிறது. தெருச் சங்கத்தின் அறிவிப்புகளைச் செருகிய ஓர் அட்டை. மருத்துவ முகாம், தீயணைப்புப் பயிற்சி, திருவிழா, வாய்க்கால் சுத்தம். படித்துவிட்டு அடையாளமிட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். கைபேசி எல்லார் கையிலும் இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று நினைக்கலாம். அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அடுத்த வீட்டுக் கதவு திறக்கிறது. உள்ளே தனியாக இருக்கும் முதியவர் நலமாக இருக்கிறார் என்று தெரிகிறது. அந்த அட்டையைச் சுமப்பது என் வேலை ஆன பிறகு, தெருவில் நான் 'அந்த வீட்டுப் பெண்'. என் பெயர் தெரியாதவர்களுக்கும் நான் எந்த வீடு என்று தெரிந்திருந்தது.

குளிர்காலத்தில் பனி தள்ளும் வேலையும் சேர்ந்துகொண்டது. ஜப்பான் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிவரும் காற்று இங்கே கொட்டுவது கனமான, தண்ணீர் ஊறிய பனி. ஊரின் புகழ்பெற்ற கென்ரொக்குவென் தோட்டத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று தோட்டக்காரர்கள் உயரக் கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து கயிறுகளைக் கூம்பாக இறக்கிப் பைன் மரக் கிளைகளைத் தாங்கிக் கட்டத் தொடங்குவார்கள். பனியின் பாரத்தில் கிளை முறியாமல் இருக்க. மீன்பிடி காலம் வந்துவிட்டது என்று சொல்வதுபோல் குளிர்காலத்தில் இடி இடிக்கும். வீட்டுக்குள்ளும் எல்லா அறையும் சூடாக இருக்காது. அதனால் கொத்தாட்சு என்ற, அடியில் ஹீட்டர் பொருத்திப் போர்வை போர்த்திய தாழ்ந்த மேசைக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். ஐந்து பேர் கால்களும் ஒரே போர்வைக்குள். தம்பி வீட்டுப்பாடம், அப்பா செய்தித்தாள், பாட்டி ஆரஞ்சு உரிப்பு, நான் ஜப்பானிய எழுத்துப் பயிற்சி. ஒருவரோடு ஒருவர் பேசாமலே சேர்ந்திருக்கும் பழக்கம் எனக்கு அந்த மேசையில்தான் வந்தது.

கஷ்டமும் உண்டு

இதைப் படித்துவிட்டு எல்லாமே இனிக்கும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்றால் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். நண்பர்கள் திடீரென்று கூப்பிட்டால் போவது எளிதல்ல. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்வதில்லை. அவர்களும் சொல்ல மாட்டார்கள். ஒரு மௌனம், ஒரு தயக்கம், அதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். சில மாலைகளில் யாருமே பார்க்காத ஓர் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு தமிழில் சத்தமாகப் பேச வேண்டும் என்றிருக்கும்.

எல்லாக் குடும்பமும் ஒன்றுபோல் இருக்காது என்பதும் உண்மை. என்னோடு படித்த ஒரு தோழி தங்கிய வீட்டில் அறையும் சாப்பாடும் கொடுத்தார்கள், பேச்சுக் கொடுக்கவில்லை. தட்டு அறைக்கே வந்துவிடும். அவளை யாரும் கடிந்துகூடப் பேசியதில்லை, ஆனாலும் வாடிப்போனாள். ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி வீடு மாறிய பிறகுதான் தெளிந்தாள். பொருந்தாத வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். மாற்றிக் கேட்பதில் நன்றிகெட்டதனம் ஏதுமில்லை. அந்தக் குடும்பத்துக்கும் அது நல்லது.

பேக்கரிக்குப் பின்னால் ஓர் இந்தியர்

ஜப்பானியக் குடும்பம் ஒன்றில் தங்கிய இந்தியர்களைப் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ராஷ் பிஹாரி போஸ். 1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்டு, 1915இல் ஜப்பானுக்குத் தப்பியவர். பிரிட்டிஷ் நெருக்குதலால் ஜப்பான் அரசு அவரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. அப்போது டோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதியில் நாகமுராயா என்ற பேக்கரியை நடத்திவந்த சோமா தம்பதியர், தங்கள் கடைக்குப் பின்புறம் இருந்த ஓவியக் கூடத்தில் அவரை ஒளித்து வைத்தார்கள். சோமா கொக்கோ அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியும். பேசத் துணையானார். 1918இல் அவர்கள் மகள் தோஷிக்கோவை போஸ் மணந்தார். தோஷிக்கோ 1925இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

1927இல் நாகமுராயா ஒரு உணவகம் திறந்தபோது, இந்தியச் சமையல் முறைக் கறியை அதன் பட்டியலில் சேர்க்க வைத்தவர் போஸ். அதுவரை ஜப்பானியர் அறிந்த கறி, பிரிட்டன் வழியாக வந்த, மாவு சேர்த்துக் கெட்டியாக்கியது. அந்தக் கடையில் இந்தியக் கறி இன்றும் கிடைக்கிறது. 1943இல் சிங்கப்பூரில் விடுதலை இயக்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தார் என்பதற்காக அவரை வரலாறு நினைக்கிறது. அந்த இயக்கத்தில் மலாயாத் தமிழர்கள் திரளாக இருந்தார்கள் என்பதால் நமக்கும் அவர் நெருக்கமானவர். எனக்கோ, அடைக்கலம் தந்த வீட்டின் அடுப்படிக்குத் தன் பங்கைக் கொடுத்த மனிதராகவும் அவர் பெரியவர். அந்தக் குடும்பம் உயிரைக் காத்தது. அவர் அந்தக் குடும்பத்தின் மருமகனாகி, அவர்கள் தொழிலில் தன் ஊரின் ருசியை வைத்தார். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு பக்கமும் நடந்தது.

2024 ஜனவரி 1

நான் ஊர் திரும்பிய பிறகு நடந்தது இது. ஜப்பானில் புத்தாண்டுதான் குடும்பம் கூடும் நாள். அன்று மாலை 4.10க்கு நோத்தோ தீபகற்பத்தை 7.6 அளவு நிலநடுக்கம் தாக்கியது. நமக்கு அப்போது மதியம் 12.40. சுனாமி எச்சரிக்கை, இடிந்த வீடுகள், பிறகு வஜிமாவின் காலைச் சந்தைத் தெரு எரியும் காட்சி. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கனசாவாவும் பலமாகக் குலுங்கியது. கை நடுங்கியபடி கைபேசியை எடுத்தபோது அம்மாவின் செய்தி வந்து கிடந்தது. எல்லோரும் நலம், பாட்டி நலம், அலமாரி சாய்ந்தது, மின்சாரம் இருக்கிறது. அதை அவர் அனுப்பியிருந்தது இரண்டு பேருக்கு. அந்த வருடம் ஊருக்கு வர முடியாத மூத்த மகளுக்கு ஒசாகாவுக்கும், எனக்குக் கும்பகோணத்துக்கும்.

கண்டம் வந்த நேரத்தில் யார் யாருக்கு உடனே சொல்ல வேண்டும் என்ற கணக்கில் நானும் இருந்தேன். அந்தக் கணக்கில் இடம்பெற நான் செய்ததெல்லாம் தொட்டி துடைத்தது, அட்டை சுமந்தது, சோறு வைத்தது, பனி தள்ளியது. அத்தனை சின்ன வேலைகள் சேர்ந்துதான் உறவு ஆகியிருந்தது. வஜிமாவின் அரக்குக் கைவினைஞர்கள் பலர் வீட்டையும் பட்டறையையும் இழந்தார்கள் என்று பாட்டி பிறகு போனில் சொன்னார். அவர்கள் மீண்டும் தொழிலைத் தொடங்க ஊரே பணம் திரட்டியபோது, அந்த வீட்டின் பங்கோடு என் பங்கும் சேர்ந்து போனது.

போகிறவர்களுக்கும், வருகிறவர்களை ஏற்பவர்களுக்கும்

ஆகவே, போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பரிசுப் பொருள் ஒரு பை போதும். பங்கிட்டுச் சாப்பிடுகிற மாதிரி எதையாவது கொண்டுபோங்கள். சாப்பாட்டில் எது ஆகாது என்பதை, சாறு உட்பட, போகுமுன்பே எழுதித் தெரிவித்துவிடுங்கள். முதல் வாரம் கவனிப்பை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரம், "இந்த வீட்டுல நான் என்ன வேலை செய்யட்டும்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்பார்கள். மறுபடியும் கேளுங்கள். அவர்கள் உங்களுக்கு ஒரு வேலையும் ஒரு முறையும் தரும் வரை விடாதீர்கள்.

இங்கே இருக்கிற நமக்கும் சொல்ல ஒன்று உண்டு. சென்னைக்கும் கோவைக்கும் தஞ்சைக்கும் வேற்று நாடுகளிலிருந்தும் வேற்று மாநிலங்களிலிருந்தும் படிக்க வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். விருந்தோம்பலுக்கென்று திருக்குறளில் ஓர் அதிகாரமே வைத்திருக்கிற நாம், அவர்களைப் பொங்கலுக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, இலை நிறையப் பரிமாறி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறோம். அன்பு குறைவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவருக்கு நம் வீடு தெரியாது. அடுத்த முறை வரும்போது தேங்காய் துருவக் கொடுப்போம், கோலத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்வோம், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கச் சொல்வோம். ஒரு மாதமாவது நம் வீட்டில் தங்கச் சொல்வோம். இடம் இருக்கிற வீடுகள் நம்மிடம் ஏராளம். மூத்த பிள்ளைகள் வெளியூர் போய்க் காலியாகக் கிடக்கும் அறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து கொடுங்கள்.